நொச்சிக்கழியை நிரப்பிய சொல்

நொச்சிக்கழிக்குப் போய் உங்கள் ஏரி நிரம்பியதா, தூர்ந்ததா என்று கேட்டால் "ஆமாம்" என்று மட்டும் சொல்வார்கள். எதற்கு ஆமாம் என்று திரும்பக் கேட்கிறவரைப் பட்டணத்து ஆள் என்று கண்டுகொண்டு, ஒரு டீயை வாங்கிக் கையில் கொடுத்து, கவிழ்த்த படகின் மேல் உட்காரவைத்துக் கதையை ஆரம்பிப்பார்கள். ஆளுக்கொரு இடத்தில்தான் ஆரம்பிப்பார்கள், ஒருவர் மண் கக்கிய குழாயிலிருந்து, ஒருவர் தார் ரோட்டில் விழுந்த முதல் வலையிலிருந்து. நாம் தேசராணி வாசித்த காகிதத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வந்தது.

அந்தக் காகிதம் வந்தபோது மழை பொய்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கடல் தண்ணீர் உள்ளே வந்து போகிற முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்ள, பாதி உப்பும் பாதி நல்ல தண்ணீருமாகக் கிடந்த காயல், ஊரார் வாயில் எப்போதும் ஏரி, முதலில் முழங்காலளவுக்கு வற்றி, பிறகு கணுக்காலளவுக்கு வற்றி, கடைசியில் நடுவிலிருந்த மடுவைத் தவிர மற்ற இடமெல்லாம் வெடித்துப் போய்விட்டது. ஆம்பிளைகள் படகைக் கவிழ்த்துப் போட்டு நிழலில் சீட்டாடினார்கள், பெண்கள் எங்கோ பிடித்த மீனை எங்கோ விற்கக் கூடையோடு பஸ் ஏறினார்கள், சாயங்காலமானால் எல்லோரும் கங்கையம்மன் கோயில் வாசலில் கூடி, ஆத்தா ஏரியை நிரப்பு, ஆத்தா ஏரியை நிரப்பு என்று அந்த ஒரே வேண்டுதலை மூன்று வருஷமாக வேண்டினார்கள். அப்படி வேண்டிக்கொண்டிருந்த ஊருக்குத்தான் ஒரு புதன்கிழமை காலையில் ஜீப்பில் வந்த ஓர் ஆள், "நொச்சிக்கழி ஏரி நிரப்பும் பணிக்குக் கிராம மக்கள் சம்மதம்" என்று தலைப்பில் கொட்டை எழுத்துப் போட்ட காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

நீட்டியவுடன் எல்லோரும் தேசராணியைப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு எழுத்து தெரியாது. சின்னவர்கள் எல்லாம் இங்கிலீஷ் மீடியம், அரசாங்கத் தமிழை எழுத்துக்கூட்டி இரண்டாவது வரியில் சிரித்துவிடுவார்கள். ரேஷன் கார்டிலிருந்து கோர்ட் சம்மன் வரைக்கும் ஊருக்கு வாசித்துச் சொல்கிறவள் பத்தாவது பாஸ் பண்ணிய தேசராணி ஒருத்திதான். மகளிர் குழுத் தலைவி, அம்மா செத்தபோது நாலு வயசாக இருந்த தங்கச்சி வேணியை வளர்ப்பதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவள், அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயசு. தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் தலைப்பை வாசித்து முடிப்பதற்குள், அவளோடு சேர்ந்து இருபது வருஷம் மீன் விற்ற அஞ்சலாட்சி துள்ளி எழுந்துவிட்டாள்.

"நிரப்பப் போறாங்களாடி! நம்ம ஏரிய நிரப்பப் போறாங்களாடி ராணி!"

கிணற்றைத் தூர்ப்பார்கள், குட்டையைத் தூர்ப்பார்கள், அதற்கென்று தமிழில் தனியாக ஒரு சொல் இருக்கிறது. ஏரி நிரம்பியது என்றால் உலகத்தில் எந்த ஊரிலும் தண்ணீரால்தான் நிரம்பும், சொன்னவர் வாயில் சர்க்கரை போடுவார்கள். அந்தக் காகிதத்தை எழுதிய புண்ணியவான் எந்த ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எழுதினாரோ, குழியை நிரப்புவதுபோல ஏரியையும் நிரப்பலாம் என்று நினைத்துவிட்டார். ஊர் அந்தச் சொல்லைக் கேட்டதோடு சரி, மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

தேசராணியின் கண் மட்டும் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அங்கே பொடி எழுத்தில் "கடல் மணல் கொண்டு" என்று இருந்தது. கடல் நீர் என்பதற்குப் பதிலாக அச்சுப் பிழையோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், ஜீப்பில் வந்தவரைக் கேட்கலாம் என்று திரும்பினாள், அவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஊராரின் முகங்களைப் பார்த்தாள். மூன்று வருஷமாகச் சிரிக்காத முகங்கள், அத்தனையும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தன, ஊர்த் தலைவர் பாளையம் என்கிற பெரியவருக்கு முன்பல் இல்லை என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் அந்த மூன்று சொற்களை முழுங்கிவிட்டு மூன்றாவது வரிக்குப் போனாள். முழுங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகென்ன, பொங்கல் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், பெண்கள் குலவையிட்டார்கள், அறுபத்திரண்டு பேர் கோயில் வாசலில் வரிசையாக உட்கார்ந்து, ஏரி நிரம்பட்டும் ஏரி நிரம்பட்டும் என்று வாயாரச் சொல்லிக்கொண்டே காகிதத்தில் கைநாட்டு வைத்தார்கள். தேசராணி கையெழுத்தே போட்டாள். ஒரு மாதத்தில் கடலிலிருந்து ஆள் நுழைகிற அகலத்துக்கு ஒரு குழாய் வந்தது, அது முதலில் கக்கியது தண்ணீரைத்தான், நுரையும் பாசியுமாகத் தண்ணீர், அதைப் பார்த்து ஊரே ஓடிப் போய் அதில் நின்று குளித்தது, பாளையம் வேட்டியை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினார். மூன்றாம் நாள் தண்ணீரெல்லாம் வழிந்து போய்விட, மணல் மட்டும் நின்றது. நாற்பதாம் நாள் எங்கு பார்த்தாலும் மணலாக இருந்தது, அதன் மேல் ரோலர் ஓடியது, ரோலர் ஓடிய இடத்தில் கல் நட்டார்கள், கல் நட்ட இடத்தில் இரண்டு வருஷத்துக்குள் தெருக்களும் தெருவிளக்குகளும் மாடி வீடுகளும் முளைத்து, அதற்குக் கடலரசி நகர் என்று பெயரும் வைத்தார்கள். ஊர் அழுதது, மனு கொடுத்தது, மறியல் பண்ணியது, கைநாட்டு வைத்தது நீங்கள்தானே என்று எல்லா ஆபீஸிலும் திருப்பி அனுப்பினார்கள்.

அஞ்சலாட்சியின் புருஷன்தான் முதலில் வலையை வீசினான். கோபத்தில் வீசினானா, பழக்கத்தில் வீசினானா என்று அவனுக்கே தெரியாது, கடலரசி நகர் இரண்டாவது குறுக்குத் தெரு முனையில் நின்று, எத்தனையோ வருஷம் தன் அப்பன் வீசிய இடம் என்ற ஆத்திரத்தில் தார் ரோட்டைப் பார்த்து வலையை விரித்து எறிந்தான், வலை பட்டென்று விழாமல் மெதுவாக உள்ளே இறங்கியது, இழுத்தபோது கனத்தது, மேலே வந்ததில் பதினோரு மடவையும் இரண்டு கை இறாலும் இருந்தன. மீனெல்லாம் துள்ளின. செதிலில் மட்டும் கொஞ்சம் ஜல்லி ஒட்டியிருந்தது.

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. நிரம்பட்டும் என்று சொல்லிக் கை வைத்த அறுபத்திரண்டு பேருக்கும் அந்த இடம் ஏரியாக நிரம்பியிருந்தது, மற்ற எல்லோருக்கும் அது தார் ரோடும் டைல்ஸ் தரையும்தான். கை வைத்தவர்கள் கால் வைத்தால் கரையோரத் தெருக்களில் முழங்கால் வரை இறங்கும், உள்தெருக்களில் இடுப்பு வரை, நடு மடு இருந்த ஆறாவது குறுக்குத் தெருவில் இரண்டு ஆள் ஆழம். அவர்கள் பக்கத்தில் நடந்து போகிற கூரியர் பையனுக்குச் செருப்பு கூட நனையாது. காலையும் சாயங்காலமும் கடலில் தண்ணீர் ஏறுகிறபோது கடலரசி நகர் முழுவதும், வீடும் தெருவுமாக, ஒரு சாண் ஏறும், வற்றுகிறபோது ஒரு சாண் இறங்கும், அது மட்டும் எல்லோருக்கும் பொது.

முதல் ஆறு மாதம் கூச்சல்தான். யுனிவர்சிடியிலிருந்து வந்து துளை போட்டுப் பார்த்தார்கள், மணல் என்று எழுதிக்கொண்டார்கள், எழுதிக்கொண்ட பேராசிரியர் கெட்டித் தரையில் நிற்க, அவருக்கு எதிரே இடுப்பளவுக்குத் தெருவுக்குள் முங்கி நின்றபடி பாளையம் மரியாதையாக எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். படகுக்கு எந்தப் பக்கம் வழி விடுவது என்று ட்ராஃபிக் போலீஸ்காரருக்குத் தெரியவில்லை, பிறகு படகுக்கு பிரேக் கிடையாது என்பதால் திருப்பத்தில் அதற்குத்தான் முதல் வழி என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். நலச்சங்கத்து போர்டில் தினமும் ஏற்றம் காலை இத்தனை மணி, வற்றம் மாலை இத்தனை மணி என்று சாக்பீஸில் எழுதிப் போட்டார்கள், அதைப் பார்த்துத்தான் பாலைக் காய்ச்சினார்கள், பிள்ளையார் கோயில் குருக்கள் அபிஷேகத்தை வற்றத்துக்கு மாற்றிக்கொண்டார், சுவரில் மாட்டிய படம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆணி அடித்தார்கள். சுவர்கள் விரிசல் விட்டன, பூசினார்கள், மறுபடியும் விட்டன. பாவம், அவர்களும் ஆயுசுக்கு ஒரு வீடு என்று வந்தவர்கள்தான்.

ஆறு மாதம் போனதும் எல்லாம் பழகிவிட்டது. "அம்மா, உங்க ஹால்ல ஒரு வலை போட்டுக்கிறேன்" என்று வாசலில் குரல் கேட்டால், உள்ளே இருக்கிற அம்மா சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல் காலை சோபாவில் தூக்கி வைத்துக்கொள்வாள். போகும்போது சமையலறை மேடையில் நாலு மீன் இருக்கும். மீன் வாசனையே ஆகாத வீட்டிலிருந்து வெயிலுக்கு மோர் கொண்டுவந்து படகில் கொடுத்தார்கள், கொடுக்கிற கை கெட்டித் தரையில், வாங்குகிற கை தண்ணீரில். நொச்சிக்கழி மறுபடியும் சாப்பிட்டது, மறுபடியும் சண்டை போட்டது, மறுபடியும் கல்யாணம் காட்சி பார்த்தது. ஆத்தா நம்ம வேண்டுதலை நம்ம வாயிலிருந்தே எடுத்துக்கிட்டா என்று பாளையம் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். தேசராணியும் ஆட்டினாள், அன்றைக்கு முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கைநாட்டு வைத்த அந்த நாளில் வேணி ஊரில் இல்லை. நர்சிங் படிப்புக்காக டவுன் ஹாஸ்டலில் இருந்தாள், அதனால் அவளுக்குத் தரை தரையாகவே இருந்தது. படிப்பு முடிந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஆரணிக்காரப் பையன் தாமோதரனை அவளுக்குப் பிடித்துப்போய், கல்யாணமாகி, அவர்கள் வாடகைக்குப் பிடித்த வீடு கடலரசி நகர் ஆறாவது குறுக்குத் தெருவில் அமைந்தது. இரண்டு ஆள் ஆழத்துக்கு மேலே, நீலப் பெயின்ட் அடித்த வீடு. தேசராணி படகில் போய் வாசப்படியில் கட்டிக்கொண்டு நிற்பாள், படகு வாசலுக்குள் நுழையாது, இறங்கினால் முங்கிவிடுவாள். முதல் விருந்துக்கு வேணி மதில் மேல் இலையைப் போட்டுப் பரிமாறினாள், அக்கா படகில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டாள், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"யக்கா, என் வூட்டு அடுப்பங்கர எப்பிடி கீதுன்னு கூட ஒனக்குத் தெரியாதில்ல?" என்றாள் வேணி.

"மேடை பெருசா கீதுன்னு நீ சொல்லத்தான் கேட்டுகினு இருக்கேனே. பெருசா கீதா?"

"பெருசா கீது" என்றாள் வேணி, இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

வேணிக்கு அஞ்சாவது மாதத்திலேயே டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தாமோதரனுக்கு ஷிஃப்ட் வேலை, அவன் அம்மா காலமாகிவிட்டார், தேசராணிதான் தினமும் கஞ்சியும் குழம்பும் கொண்டுபோய் ஜன்னல் கம்பி வழியாக நீட்டுவாள், ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் படுத்தபடி வேணி வாங்கிக்கொள்வாள். ஏழாவது மாதத்தில் ஒரு மத்தியானம் படகைக் கட்டிவிட்டு ஜன்னலில் பார்த்தபோது கட்டிலில் ஆள் இல்லை. பாத்ரூம் போக எழுந்த வேணி ஹாலில் மயங்கிக் கிடந்தாள். தேசராணி கத்திக்கொண்டே குதித்தாள், திறந்திருந்த வாசல் வழியாக டைல்ஸ் தரைக்குள் நீந்திப் போனாள், தங்கச்சியின் தலைக்குப் பக்கத்தில் போய் ஒரு கையால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவளைத் தூக்கப் பார்த்தாள். கழுத்து வரைக்கும் தரைக்குள் கிடக்கிறவள் என்னத்தைத் தூக்குவது, காலுக்கடியில் நிலை கிடைக்கவில்லை, உந்த உந்த அவள்தான் உள்ளே போனாள். முகத்தை மட்டும் தடவிக்கொண்டு வேணி வேணி என்று அலறினாள். எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்து, அவளைச் சுற்றிக்கொண்டு நடந்து, வேணியைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் கால் ஊன்றி நடக்க வேண்டும் என்கிற ஆசை அன்றைக்கு தேசராணியைப் பிடித்துக்கொண்டது, எழுந்தால் அந்த நினைப்பு, துடுப்பு போட்டால் அந்த நினைப்பு.

அதே வாரத்தில்தான் நலச்சங்கச் செயலாளர் கஜபதி அவளைத் தேடி வந்தார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், தங்கமான மனுஷர், மூன்று தடவை பூசிய சுவர் நாலாவது தடவையும் விரிசல் விட்டதைச் சொல்லும்போது கூடக் குரலை உயர்த்தாதவர்.

"அம்மா, தப்பு உங்க பேர்லயும் இல்ல, எங்க பேர்லயும் இல்ல. அந்த ஒரு வார்த்தை பேர்லதான். அதைத் திருத்தி ஆர்டர் போட்டுட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை தாசில்தார் கொண்டு வர்றார். உங்க ஜனங்க அறுபத்திரண்டு பேரும் திரும்பக் கைநாட்டு வெச்சுட்டா தரை எல்லாருக்கும் தரையாயிடும்."

"மீனு?" என்றாள் தேசராணி.

கஜபதி தன் செருப்பைப் பார்த்தார். "உங்க தங்கச்சிக்கு டெலிவரி நேரம் நெருங்குது" என்றார். "நீங்க கூட இருக்கணும்னு எனக்கும் ஆசைதாம்மா." அவர் மனசாரத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கங்கையம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்தார், கஜபதி தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார், மை டப்பாவைத் திறந்து வைத்தார்கள், காகிதம் வழக்கம்போல தேசராணி கைக்கு வந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தடவை ஒரு சொல் விடாமல், உள்ளது உள்ளபடி வாசித்தாள்.

"நொச்சிக்கழி ஏரி தொடர்பான முந்தைய அறிவிப்பில் நிரப்பும் பணி என்று வரும் இடங்களில் எல்லாம் தூர்க்கும் பணி எனத் திருத்தி வாசிக்கவும். இதற்குக் கிராம மக்கள் சம்மதிக்கிறார்கள்."

கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து "தூர் வாரப் போறாங்களா!" என்று ஒரு குரல் எழுந்தது.

ஆபீஸ் காகிதத்தில் தூர் என்ற சொல்லை நொச்சிக்கழி ஒரே ஒரு இடத்தில்தான் கேட்டிருந்தது. வருஷா வருஷம் கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனுவில், முகத்துவாரத்தைத் தூர் வாரிக் கொடுங்கள் ஐயா, தூர் வாரிக் கொடுங்கள் ஐயா என்று எழுதச் சொல்லியிருந்தார்கள், அடைத்த மண்ணை அள்ளி எடுப்பதற்கு அதுதானே சொல். "தூர் வார்றாங்களாம், தூர் வார்றாங்களாம்" என்று வாய்க்கு வாய் பரவியது, பாளையம் அந்த முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார், பெண்கள் குலவைக்கு நாக்கைத் தயார் செய்துகொண்டார்கள். தாசில்தார் மை டப்பாவை முன்னால் நகர்த்தினார், அவருக்கு வேண்டியது கட்டை விரல்கள். கஜபதி மட்டும் தேசராணியைப் பார்த்தார், பார்த்துவிட்டு மரத்தைப் பார்த்தார். அஞ்சலாட்சி முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து, விரலை மையில் அழுத்தி, எங்கேடி ராணி வைக்கணும் என்று கேட்டுக்கொண்டே குனிந்தாள்.

தேசராணி பொய் சொல்ல வேண்டியதில்லை, எதையும் முழுங்க வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். சும்மா இருந்தால் மத்தியானம் அவள் ஆறாவது குறுக்குத் தெருவில் நடந்து போகலாம், வேணியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இது மட்டும்தான் அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது. அஞ்சலாட்சியின் விரல் காகிதத்துக்கு மேலே நின்றது, அந்த விரலில் பழைய தூண்டில் முள் கிழித்த வடு இருந்தது, அதற்கு மஞ்சள் வைத்துக் கட்டியது தேசராணிதான்.

"இருடி. கைய வைக்காத."

"இன்னாடி?"

"இது தூர் வார்றது இல்லடி. தூர்க்கிறது. மண்ணப் போட்டு மூடுறது. இதுல கை வச்சா ஏரி போச்சி, மீனு போச்சி, எல்லாம் கட்டாந்தரதான்." சொல்லிவிட்டு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை, ஆறு வருஷமாக உள்ளே கிடந்தது அதன் பின்னாலேயே வந்துவிட்டது. "மொத காயிதத்துலயும் கடல் மணல் கொண்டுன்னு போட்டிருந்திச்சி. சின்ன எழுத்துல. நான் பாத்தேன். பாத்துட்டுதான் படிக்காம வுட்டேன்."

"ஏம்மா?" என்று பாளையம் கேட்டார், திட்டுகிற குரலில் கூட இல்லை.

"உங்க மூஞ்சிங்களப் பாத்தேன் தலைவரே. சிரிச்சிகினு இருந்தீங்க. வாய் வரல."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. அஞ்சலாட்சி மை விரலைத் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் எழுந்து போனாள், அவள் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். தாசில்தார் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்து, நிலுவை என்று ஃபைலின் மேல் எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். கஜபதி போகும்போது அவளுக்குக் கை கூப்பிவிட்டுப் போனார், அவருக்கு வீட்டில் இன்னொரு மூட்டை சிமெண்டு வாங்க வேண்டியிருந்தது.

தேசராணி கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு வழக்கம்போல படகுக்கு வந்தாள். முழங்காலளவுத் தண்ணீரில் தள்ளிவிட்டு ஏறுகிற இடம், முதல் குறுக்குத் தெரு முனை. காலை இறக்கினாள். கால் இறங்கவில்லை. தார் சுட்டது. இன்னொரு காலை வைத்தாள், அதுவும் சுட்டது. படகைத் தள்ளிப் பார்த்தாள், அது ரோட்டில் தட்டி உட்கார்ந்திருந்தது, நாலு ஆள் பிடித்தாலும் நகராது. மணல் என்று வாயைத் திறந்து சொன்னவளுக்கு அது மணலாகிவிட்டது என்று பிற்பாடு ஊரில் சொன்னார்கள், அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை.

அவள் நடந்தாள். செருப்பே வாங்கியிராத கால், மின்கம்பத்து நிழலுக்கு நிழல் தாவித் தாவி நடந்தாள். மூன்றாவது குறுக்குத் தெருவில் எதிரே ஒரு படகு வந்தது, முன்னால் நின்று கோல் போட்டு வந்தவள் அஞ்சலாட்சி. அவள் தேசராணியின் முகத்தைப் பார்க்கவில்லை, உலர்ந்த காலைத்தான் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

"கொஞ்சம் ஒதுங்கிக்கிங்கம்மா" என்றாள். "படகு வருது."

இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கூட, சண்டை போட்டு முடியைப் பிடித்த நாளில் கூட, அஞ்சலாட்சி அவளை 'டி' போடாமல் கூப்பிட்டதில்லை. தேசராணி ஒதுங்கி நின்றாள்.

நீல வீட்டு வாசலில் அவள் நின்றபோது வேணி ஜன்னலில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் தலை எப்போதும் தெரிகிற உயரத்தில் தெரியாமல் வேறெங்கோ தெரிந்ததில் முதலில் புரியவில்லை, புரிந்ததும் "யக்கா நடந்து வருது! எங்க யக்கா நடந்து வருது!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். தேசராணி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சந்தோஷம் தாங்க முடியவில்லை அவளுக்கு, அழுகையும் தாங்க முடியவில்லை, எது எதற்கு என்று வேணி கேட்கக் கேட்க அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். நாலு மணிக்கு ஏற்றம் வந்து வீடு அசைந்தபோது, பிறந்ததிலிருந்து படகில் ஆடியவள் பயந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் அங்கேயே இருந்தாள். ஒரு நாள் தெருவில் வலையை வீசிப் பார்த்தாள், அது தார் மேல் விரிந்து கிடந்தது, ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார். ஊர்ப் படகுகள் தினமும் போயின, எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், "நல்லாருக்கீங்களாம்மா", "தங்கச்சி எப்பிடி இருக்காங்க", அந்த 'ங்க' ஒவ்வொன்றும் அவள் மேல் வந்து விழுந்தது. வலை கேட்டு வாசலில் நின்றவர்களுக்கு அவளும் மற்ற வீட்டுக்காரிகளைப் போலவே தண்ணீர் கொடுத்தாள், அவர்களும் குடித்துவிட்டு வரோம்மா என்று போனார்கள்.

ஆஸ்பத்திரியில் வேணிக்குப் பெண் பிறந்தது. பதினோராம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், அன்று சாயங்காலம் ஏற்றத்தில் நொச்சிக்கழி வந்தது. வேணி அவர்கள் பெண்ணல்லவா, அவள் மேல் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆறாவது குறுக்குத் தெரு முழுவதும் படகுகள், பூவும் பழமும் வசம்புமாக ஊர் நின்றது, ஒருத்தராலும் உள்ளே வர முடியாது, வேணியாலோ இன்னும் எழுந்து நடக்க முடியாது. தாமோதரன் பச்சைப் பிள்ளையைத் தொடவே நடுங்கிக்கொண்டிருந்தான். தேசராணிதான் துணியில் சுற்றிய பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு வாசப்படிக்கு வந்தாள்.

படியோரத்துப் படகில் அஞ்சலாட்சி நின்றாள். படிக்கு அந்தப் பக்கம் தேசராணிக்குத் தெரு, அஞ்சலாட்சிக்கு இரண்டு ஆள் ஆழம், நடுவில் ஒரு முழ இடைவெளி. படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தேசராணி பிள்ளையை நீட்டினாள், நீட்டிவிட்டுப் பயந்து இழுத்துக்கொண்டாள், மறுபடியும் நீட்டினாள். அஞ்சலாட்சி கோலைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தாள்.

"குடுடி இப்பிடி" என்றாள். "தலையப் புடிச்சிக் குடு."

தேசராணி தலையைப் பிடித்துக் கொடுத்தாள்.